பதினேழாம் எண்ணுக்கு எதிரே

1

இந்தக் கதை எனக்கு உளுந்தூர்பேட்டையில், பரோட்டாக் கடை ஒன்றில் கிடைத்தது. சொன்னவர் தனசேகரன், ஓய்வுபெற்ற பள்ளி எழுத்தர். முடிவை நெருங்கும்போது திருச்சி பஸ் வந்துவிட்டது. எந்தக் கதையைவிடவும் ஜன்னலோர இடம் பெரிது என்று நம்புகிறவர், ஓடிவிட்டார். போன் நம்பர் கொடுத்துவிட்டுத்தான் ஓடினார். நான் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் முடிவு தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அதற்குப் பொறுப்பு தனசேகரன், நான் இல்லை என்றாகிவிடும்.

அடுத்த வாரமே அவர் வேலை பார்த்த அதே பள்ளியிலிருந்து வைரவிழா மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "முன்னாள் மாணவர்களோட சாதனைகள் சார். ரெண்டு பக்கம். மனசுக்கு இதமா இருந்தா போதும்." இதைத்தான் எழுதி அனுப்பினேன். மலர் வெளிவந்துவிட்டது. எனக்கு ஒதுக்கிய இரண்டு பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருக்கிறது. விளம்பரம் இதமாகத்தான் இருக்கிறது.

பள்ளியின் பெயரைச் சொல்லமாட்டேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கிழக்கே வந்தால் எலவனாசூர்கோட்டைக்கு முன்னால் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: "1990 பிப்ரவரியின் இனிய காலையொன்றில் அந்தக் கல்விக் கோயில் தன் வெள்ளிவிழாவுக்கு..." [நிறுத்திவிட்டேன். கோயில் என்று எழுதியதும் கதையில் வருகிற எல்லாரும் செருப்பைக் கழற்றத் தொடங்கினார்கள்.]

இரண்டாம் தொடக்கம்: "சுப்புராயன் தூரிகையை எடுத்தான்." [அவன் வாழ்நாளில் தூரிகை என்று சொன்னதில்லை. பிரஷ்.]

சரி, பிரஷ்ஷிலிருந்தே தொடங்குகிறேன்.

2

சுப்புராயன் பெயிண்டர். பஸ் நெற்றியில் ஊர்ப்பெயர், உரக்கடைப் பலகை, கட்சிச் சுவர், 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று அந்த வட்டாரத்தில் வாசிக்கக் கிடைப்பவற்றில் பாதி அவன் கையெழுத்து. அதே பள்ளியில் படித்தவன்தான். எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் கணக்கில் போனவன். (அப்போது பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண்ணை ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அங்க அடையாளமாக இரண்டு மச்சமும் அதில் இருக்கும். வேலை கேட்டு எங்கே போனாலும் முதலில் "புக்கு எங்கே?" என்பார்கள்.) ஊர்ப் பெயர்களையெல்லாம் எழுதியவனுக்கு, தன் பெயரை ஒரு நல்ல பலகையில் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஆசை உண்டு. வெளியே சொன்னதில்லை.

வெள்ளிவிழாவுக்குச் சாதனையாளர் பலகை எழுதும் வேலை அவனுக்கு வந்தது. அழைப்பிதழில் 'இருபத்தைந்து ஆண்டுகள், இருபத்தைந்து சாதனையாளர்கள்' என்று அச்சடித்துக் கொடுத்தும் ஆகிவிட்டது. விழாவன்று காலை மாவட்டக் கல்வி அதிகாரி திரையை விலக்கி, இருபத்தைந்து வரிகளையும் மைக்கில் படிப்பார். சாதனை என்றால் சர்க்கார் வேலை. இந்த விளக்கத்தைத் தந்தவர் தலைமையாசிரியர் இளஞ்செழியன்.

பலகை எழுதும் முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கதைக்கு வேண்டும், எனக்கும் பிடிக்கும். நூலில் சாக்பீஸ் தூளைத் தடவி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் ஒரு சுண்டு சுண்டினால் கறுப்புப் பலகையில் மயிரிழை போலக் கோடு விழும். கோட்டின் மேல் எழுத்து. எனாமல் பெயிண்ட் காய ஒரு நாள் வேண்டும். ஈரச் சிவப்பில் வெள்ளை பட்டால் ரோஸ் ஆகி மானம் போகும். ஆகவே சிவப்பில் எழுத வேண்டியதை முதல் நாளே முடித்துவிட வேண்டும்: தலைப்பு, பிறகு 1 முதல் 25 வரை எண்கள். அவை காய்ந்த பிறகு வெள்ளையில் பெயர், தேறிய ஆண்டு, சாதனை.

சுப்புராயன் அப்படியே செய்தான். பதினேழாம் வரியை மட்டும் விட்டுவைத்தான். அந்த வரிக்குரிய வனக்காவலர் வேடியப்பன் இப்போது கல்வராயன் மலையில் எந்தச் சரகத்தில் இருக்கிறார் என்பதில் சந்தேகம் இருந்தது. விழாவுக்கு முந்தின நாள் காலையில் அதையும் எழுதி முடித்தான்.

ஆக, மற்ற இருபத்துநான்கும் காய்ந்திருந்தன. பதினேழு மட்டும் ஈரம்.

3

தலைமையாசிரியர் பார்க்க வந்தார். மேலிருந்து ரசித்துக்கொண்டே வந்தவர் பதினேழில் நின்றார்.

"யோவ்! இவன் சஸ்பெண்டுல கீறான்யா! கேஸ் நடந்துகினு கீது!"

"லிஸ்ட்ல இருந்துச்சு சார்."

"லிஸ்ட்டு போட்டது தனசேகரன். ஒருத்தன் வேலைய வுட்டே போறவரைக்கும் அந்தாளு பேர எடுக்கமாட்டான்."

கேஸ் இதுதான். 1987 செப்டம்பரில் இருபது சதவீத இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. மரத்தை வெட்டிச் சாலையில் போட்டார்கள். கேட்க எளிது. புளியமரம் நினைத்த பக்கம் விழாது. விழ வேண்டிய பக்கம் அடியில் முதலில் வாய் திறக்க வேண்டும். பிறகு எதிர்ப்பக்கம் சற்று மேலே வெட்ட வேண்டும். உச்சியில் கயிறு கட்டி இழுக்க வேண்டும். தெரியாதவன் வெட்டினால் மரம் வயலில் விழும், பஸ் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஊரில் இதை முறையாகப் பயின்றவர் ஒரே ஒருவர். பயிற்சி அளித்தது வனத்துறை. லீவில் வந்திருந்த வேடியப்பனைக் கூட்டிப்போனார்கள். மரம் அளந்து வைத்ததுபோல் குறுக்கே விழுந்தது. 'அது நெடுஞ்சாலைத் துறை மரம், எங்கள் துறை மரமில்லை' என்று அவர் விசாரணையில் சொன்ன பதில் ஏற்கப்படவில்லை.

"அதான் போன வருஷமே இருபது வந்துடுச்சே சார்," என்றான் சுப்புராயன்.

"இருபது வந்துச்சு, கேஸ் போவலியே! மண்ணெண்ண எடுத்தாரச் சொல்லு."

சத்துணவுக் கூடத்திலிருந்து சமையல் வேலை பார்க்கும் கொளஞ்சியம்மாள் டின்னோடு வந்தாள். தலைமையாசிரியர் தம் கையாலேயே துணியை நனைத்து வேடியப்பனைத் துடைத்தார். பெயர் போயிற்று. காய்ந்துவிட்ட சிவப்பு 17 போகவில்லை.

(கறுப்பு அடித்து மறைத்தால் போச்சே என்பீர்கள். பதினாறுக்கு அடுத்து பதினெட்டு வரும். ஒரு பள்ளிக்கூடம் அதை மாட்ட முடியாது.)

4

மத்தியானத்துக்குள் செய்தி பரவி விழாக் குழு வந்து சேர்ந்தது.

"எங்க தெருவுல ஒருத்தர போடுங்க."

"ஒங்க தெருவுல ஏற்கெனவே ஆறு பேரு."

"அதுல ஒருத்தர் செத்துட்டாருய்யா."

"செத்தா கம்மியாவுமா? பலகையில பேரு கீதுல்ல?"

தனசேகரனால் பொறுக்க முடியவில்லை. பீரோவிலிருந்து இனசுழற்சிப் பட்டியலை எடுத்து வந்தார். அது ஓர் அழகான ஏற்பாடு: காலியிடங்களுக்கு வரிசையாக எண் போட்டு, எந்த எண் எந்தப் பிரிவுக்கு என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள். யார் எதிரில் நிற்கிறார் என்று பார்க்க வேண்டியதில்லை. முறை யாருடையது என்று பார்த்தால் போதும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினேழைத் தேடினார், கண்டுபிடித்தார், அறிவித்தார். மூன்று பேர் கோபித்துக்கொண்டு எழுந்தார்கள். [எந்தப் பிரிவென்று எழுதமாட்டேன். அவர் பார்த்தது பழைய ஆணை.]

"யோவ், இது உத்தியோகம் இல்லய்யா, பலக!" என்று கத்திவிட்டு, தலைமையாசிரியர் சால்வையும் மாலையும் வாங்கக் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினார். போகிற போக்கில் சொன்னார்: "சுப்புராயா, பிரச்சன இல்லாத ஒரு பேரா பாத்து நீயே எழுதிடு."

குழுவும் டீக்கடைக்குப் போய்விட்டது.

5

கொளஞ்சியம்மாளைப் பற்றி நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். டின்னோடு வந்தாள் என்று ஒரே வரியில் கடந்துபோனேன். பள்ளிக்கூடமும் அப்படித்தான் செய்தது, ஆனால் அது எனக்குச் சமாதானம் ஆகாது.

1974இல் அந்தப் பள்ளியில் முதல் மதிப்பெண் அவளுடையது. காலனியிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண்ணும் அவள்தான். வேலை கிடைக்கவில்லை, சத்துணவு வந்தபோது சமையலுக்குச் சேர்ந்தாள். இப்போது சத்துணவு அமைப்பாளர் இடம் காலியாகியிருக்கிறது. திங்கட்கிழமை ஒன்றிய அலுவலகத்தில் நேர்காணல். புக்கு வேண்டும். அந்த மறியல் வாரத்தில் காலனியில் வீடுகள் எரிந்தபோது புக்கும் எரிந்துவிட்டது. 'இவர் இங்கே படித்துத் தேறியவர், இன்ன காரணத்தால் சான்று இல்லை' என்று தலைமையாசிரியர் நாலு வரி தந்தால் போதும். அவர் தரத் தயார்தான். 'தொலைந்துவிட்டது' என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. அவள் "எம் புக்க நான் தொலைக்கல சார்" என்று சொல்லி ஒரு மாதமாகிறது.

டின்னை எடுத்துப்போக வந்தாள். பக்கத்தில் ஆள் இருந்தால், கூடப் படித்தவனை "பெயிண்டருங்க" என்பாள். ஆள் இல்லை.

"டின்ன குடு சுப்பு. நாளிக்கி ஆபீசருக்கு கேசரியாம்."

"இரு கொளஞ்சி. பதினேழு காலியா கீது, பாத்தியா?"

"பாத்தேன். பல்லு போன வாயாட்டம் கீது."

"ஒம்பேர எழுதட்டா?"

அவள் சிரித்தாள். "சாதனன்னு இன்னா போடுவ? சாம்பாரா?"

"பள்ளியில் முதலிடம். எழுபத்தி நாலு. கணக்குல தொண்ணூத்தொண்ணு! நான் எட்டிப் பாத்துங்கூட எனக்கு வரல."

"நீ எட்டிப் பாத்தது இங்கிலீஷ்ல. கணக்குல தூங்கிக்கினு இருந்த."

அவன் குரலைத் தாழ்த்தினான். "கேளு. நாளிக்கி ஆபீசர் மைக்குல படிப்பாரு. அவரு வாயால ஒம்பேரு வந்துட்டா சாரு லெட்டர் குடுக்காம இருக்க முடியாது. தொலைஞ்சுதுன்னும் நீ எழுத வாணாம். எரிஞ்சதப் பத்தி யாரும் பேசவே வாணாம்."

அவள் டின்னைக் கீழே வைத்தாள்.

"யாருக்கு வாணாம்?"

அவன் பிரஷ்ஷைத் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"எழுதறதுன்னா முழுசா எழுது. கொளஞ்சியம்மாள், 1974, முதலிடம். பக்கத்துலயே 'சான்று எரிக்கப்பட்டது, 1987'. எடம் பத்துமா பாரு."

"அது சாதன இல்லியே கொளஞ்சி."

"ஏன்? எரிச்சவங்களும் இந்த ஸ்கூல்ல படிச்சவங்கதான?"

டின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

6

ஒரு வாக்குமூலம். மேலே 'காலனியில் வீடுகள் எரிந்தபோது' என்று எழுதியிருக்கிறேன். கீற்று தானாகப் பற்றிக்கொள்வதுபோல. அடித்துத் திருத்தலாம் என்று நினைத்தேன். அடிக்காமல் விட்டிருக்கிறேன், நான் எவ்வளவு சுலபமாக அதை எழுதினேன் என்பது தெரியட்டும் என்று.

அன்றைக்குச் சுப்புராயன் எங்கே இருந்தான்? விழுந்த புளியமரத்தின் மேல் உட்கார்ந்து, பட்டையில் சிவப்பு பெயிண்டால் '20%' எழுதிக்கொண்டிருந்தான். அவன் தீ வைக்கவில்லை. இதை உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் அவனை எழுதுவது நான்தான். [உறுதியாகவா?] புகையைப் பார்த்தான். யாருடைய வீடுகள் என்று தெரிந்தது. தீப்பந்தத்தோடு அவனைக் கடந்துபோன மூன்று பேரையும் தெரியும். அவர்கள் மேல் கேஸ் இல்லை, சஸ்பெண்டும் இல்லை. ஒருவர் ஒன்பதாம் வரி. இன்னொருவர் இருபத்தொன்று. மூன்றாமவர் எஸ்.எஸ்.எல்.சி. தேறாதவர், ஆகவே பலகைக்குத் தகுதி பெறவில்லை.

ஒன்பதையும் இருபத்தொன்றையும் சுப்புராயன்தான் எழுதினான். எழுத்து நன்றாகவே வந்திருந்தது.

7

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

அ) சுப்புராயன் தன் பெயரையே எழுதுகிறான். 'ஓவியர்' என்று போட்டுக்கொள்கிறான், தேறிய ஆண்டை மட்டும் விட்டுவிடுகிறான். தலைமையாசிரியருக்கு ஆட்சேபமில்லை, அவன் மேல் கேஸ் கிடையாது. விழா இனிதே நடக்கிறது. கொளஞ்சியம்மாள் கேசரி கிளறுகிறாள்.

ஆ) கொளஞ்சியம்மாள், 1974, முதலிடம். அதோடு நிறுத்திவிடுகிறான். அதிகாரி படிக்கிறார், கைதட்டுகிறார்கள், தலைமையாசிரியர் வேர்த்து விறுவிறுத்து லெட்டர் தருகிறார், வேலை கிடைத்தாலும் கிடைக்கும். மலர்க்காரர்கள் கேட்ட இதம் இதில் தாராளமாக இருக்கிறது. இதை இரண்டு முறை எழுதி முடித்தேன். இரண்டு முறையும் எல்லாரையும்விட நிம்மதியாகத் தூங்கியவன் சுப்புராயன்தான். அடுத்தபடி நான். அவள் கேட்டது இது அல்ல.

இ) அவள் சொன்னது சொன்னபடி. அதிகாரிக்கு முன்கூட்டிப் படித்துப் பார்க்கும் வழக்கமில்லை. மைக்கில் 'எரிக்கப்பட்டது' வரை வந்துவிடுவார். முன்வரிசையில் ஒன்பதும் இருபத்தொன்றும் சால்வை போர்த்தி உட்கார்ந்திருப்பார்கள். திங்கட்கிழமை நேர்காணல் கைவிட்டுப் போகலாம். சுப்புராயன் சாயங்காலம் தன் தெருவுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். அங்கே அதன்பிறகு யார் அவனுக்குச் சுவர் கொடுப்பார்கள்?

[நாலாவதாக, இதில் சேராத ஒரு...] இல்லை. நாலாவது இல்லை.

என்ன எழுத வேண்டும் என்பதை அவள் சொல்லிவிட்டாள். பிரஷ் அவனிடம் இருக்கிறது. பேனா என்னிடம். மூன்று நாளாக அவனைப் பலகைக்கு முன்னால் நிறுத்திவைத்திருக்கிறேன். கையில் வெள்ளை உறைகிறது. இனி நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரஷ்ஷை மூன்று விரலில் பிடியுங்கள். மணிக்கட்டுக்கு அடியில் ஒரு குச்சியைக் கொடுத்துக்கொண்டால் கை நடுங்காது. பெயிண்டை நுனியில் மட்டும் எடுங்கள். இடப்பக்கம் எண் போக ஐந்தடி நீளம் மீதி இருக்கிறது. எழுத்து ஒன்றுக்கு ஒன்றேகால் அங்குலம் வைத்து எல்லா முடிவுகளையும் அளந்து பார்த்துவிட்டேன். அவள் சொன்ன முழு வரிக்கும், கடைசிப் புள்ளி வரைக்கும், இடம் பற்றுகிறது.