முரசின் பக்கத்து இடம்

பழங்காலக் கிர்சு நகரத்து இனான்னா தேவி கோயிலில் கலாக்களுக்கு அழுவதுதான் உத்தியோகம். ஆணாகப் பிறந்து, பெண்ணாக வாழ்ந்து, பெண்களின் பேச்சில் ஒப்பாரி பாடி, கோபக்காரத் தெய்வத்தின் மனத்தை ஆற்றுகிறவர்கள். ஷேஷ்கல்லா பல காலமாக ஊரையே அழவைத்த கலா. போன அறுவடைக்கு உர்மாமி புதுக் கலாவாக வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து ஷேஷ்கல்லாவுக்கு அழுகை வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வந்தது.

உர்மாமி வாயைத் திறந்தால் பீர் காய்ச்சுகிற பெண்கள் பானையை அப்படியே விட்டுவிட்டு வந்து மூக்கைச் சிந்தினார்கள். வெங்காயம் எதுவும் ஒளித்துவைத்திருக்கிறாளா என்று ஷேஷ்கல்லா அவள் மடியைத் தடவியே பார்த்துவிட்டாள். இல்லை.

விடியல் பூசையில் பெரிய முரசின் பக்கத்தில் நின்று முதலில் பாடுகிற இடம் காலியானது. அங்கே நிற்பவளுக்குக் கோயில் ஒரு போர்வையும் கொடுக்கும். தலைமைக் கலா இருவரையும் கூப்பிட்டாள்.

"படகுக்காரன் செத்துட்டான். பொண்டாட்டி கெமெலம்மா இன்னும் ஒரு சொட்டு விடல. அவள அழவைக்கிறவளுக்குத்தான்டி அந்த இடம்."

சாவு வீட்டில் உர்மாமி பாடினாள். தெரு அழுதது. கெமெலம்மா ஈ ஓட்டிக்கொண்டே, "நல்லா பாடுற கண்ணு," என்றாள்.

ஷேஷ்கல்லா எழுந்தாள். ஆறு என் தலைவனைக் கொண்டுபோனது என்றுதான் ஆரம்பித்தாள். அதற்குள், தனக்காக வைத்திருந்த தண்ணீரை யாரோ உர்மாமிக்குக் குடிக்கக் கொடுப்பது கண்ணில் பட்டது. பாட்டு தடம் மாறியது.

"என் தண்ணிய அவ குடிக்கிறாளே! நேத்து வந்தவளுக்கு என் போர்வையக் குடுப்பாங்களே! நான் என்னத்துல கொறஞ்சு போனேன்!"

கெமெலம்மாவின் கை நின்றது. அடுத்த நொடி மார்பில் அறைந்துகொண்டாள்.

"ஆமாக்கா! அக்கரையில ஒருத்திய வச்சிருந்தான்க்கா! என் போர்வையத்தான்க்கா தூக்கிக் குடுத்தான்!"

அவளைப் பிடித்து நிறுத்த நாலு பேர் வேண்டியிருந்தது.

மறுநாள் விடியலில் ஷேஷ்கல்லா முரசின் பக்கத்தில் நின்றாள். மனம் நிறைந்திருந்தது. வாயைத் திறந்தாள்; இருமல் வந்தது. பொறாமை போனபோது குரலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது போலிருக்கிறது.

பின்வரிசையிலிருந்து உர்மாமி, "இதுக்குத்தான் இவ்வளவு ஆட்டமா?" என்று முணுமுணுத்துவிட்டுப் பாட்டை எடுத்தாள். இதுவரை அவளிடம் இனிமைதான் இருந்தது. இப்போது அதில் வயிற்றெரிச்சலும் சேர்ந்து தூண்களே நடுங்கின.

கேட்டதும் ஷேஷ்கல்லாவின் அடிவயிற்றில் பழைய தீ பற்றியது. பல்லைக் கடித்தாள். குரல் வந்துவிட்டது.

அன்று இனான்னாவின் மனம் வழக்கத்தைவிட நன்றாக ஆறியதாகத் தலைமைக் கலா சொன்னாள்.