அணுவிமுக்த லோகம்

1

இந்தக் கதை ஒரு சொற்பிழையில் பிறந்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணு ஆயுதம் பற்றிக் கதை எழுதும் துணிச்சலெல்லாம் எனக்குக் கிடையாது. பிழை என்றால் மட்டும் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

பிழை செய்தவள் லிஷா. நகரத்து ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ், வீடு தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் கேரளத்து ஆரியங்கோட்டில். போருக்கும் அணுகுண்டுக்கும் எதிராகப் பேசிவரும் டாக்டர்களோடும் நர்ஸுகளோடும் அவளும் சேர்ந்திருந்தாள். ஊரில் ஒரு கூட்டம் போட முடிவானது. மலையாள நோட்டீஸை அவளே எழுதினாள்: ‘அணுவிமுக்த லோகம்’. அணுகுண்டு இல்லாத உலகம் என்று தமிழில் நினைத்து மலையாளத்தில் எழுதியதால் வந்த வினை.*

(* மலையாளத்தில் கிருமிக்கும் அணு என்றே பெயர். அணுவிமுக்தம் என்றால் கிருமி நீக்கம். வார்டில் தினமும் புழங்கும் சொல், அவளுக்கே உறைக்கவில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘உலகம் அழிவின் விளிம்பில் நின்ற அந்த மாலையில் லிஷா...’

வேண்டாம். ஆரியங்கோட்டில் அன்று மழைத்தண்ணீர் தேங்கி நின்றது, ஊரெங்கும் எலிக்காய்ச்சல் பயம், அவ்வளவுதான். அதனால் நோட்டீஸைப் பார்த்ததும் சர்ச் ஹால் நிரம்பிவிட்டது. பாதிப்பேர் கையில் வாளி. நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த டாக்டர் ஜெயச்சந்திரன் கூட்டத்தைக் கண்டு பூரித்துப்போனார். (அவர் பேச்சை ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். நல்ல மனிதர், ஆனால் கட்டுரை மாதிரி பேசுகிறார். என் வியாதிதான்.)

அவர் முடித்ததும் முன்வரிசையில் ரத்னபாய் எழுந்தாள். அவள் மகன் நிஜின் பட்டாளத்தில், எல்லையில் இருக்கிறான். கிறிஸ்துமஸ் கழிந்ததும் அவனுக்கும் லிஷாவுக்கும் கல்யாணம்.

“பிளீச்சிங் பவுடர் எப்பம் தருவிய மக்கா? கெணத்துல போடணும்.”

“மாமி, இது கெணத்துல உள்ள அணு இல்ல. அணுகுண்டாக்கும். அது ஆருக்க கையிலயும் வேண்டாம்னு சொல்லுகோம்,” என்றாள் லிஷா.

ஹாலில் சிரிப்பு கிளம்பியது. ரத்னபாய் சிரிக்கவில்லை.

“நம்ம கையிலயுமா?”

“நம்ம கையிலயும்.”

“அப்பம் எனக்க மோனுக்கு என்ன பெலம் உண்டு?”

3

லிஷா துணிச்சலுடன் நிமிர்ந்து... (இல்லை. கையிலிருந்த நோட்டீஸை நாலாக மடித்தாள். மாமியாராகப் போகிறவள் சபையில் கேட்கிறாள்.)

“செரி, குண்டு விழுந்துன்னே வச்சுக்க,” என்றாள் ரத்னபாய். “அவன் வெந்து வந்தா நீ பாக்கமாட்டியா? உனக்க வேல அதாக்குமே?”

வார்டில் எத்தனையோ அம்மாக்களிடம் ‘எல்லாம் சரியாவும்’ என்று சொன்னவள் லிஷா. இங்கேயும் அதைச் சொல்லியிருந்தால் கல்யாணத்துக்குப் பங்கமில்லை.

“பாக்க முடியாது மாமி. வார்டு இருக்காது. தண்ணி, மருந்து, கரண்டு ஒண்ணும் இருக்காது. நானும் வெந்து கெடப்பேன். அதுக்காக்கும் இப்பமே சொல்லுகோம்.”

ரத்னபாய் அழுதுவிட்டாள். “ஒரு பொய் சொல்லப்பிடாதா பிள்ளே?”

4

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ரத்னபாய் மனம் மாறுவது ஒன்று. எனக்கே நம்பிக்கை வரவில்லை. கல்யாணம் முறிவது இன்னொன்று; உண்மை பேசிய பெண்ணுக்கு அந்தத் தண்டனை கொடுக்க மனசு வரவில்லை.

இதற்குள் ரத்னபாயின் ஃபோன் அடித்தது. நிஜின்தான். அவள் எடுத்து லிஷாவிடம் நீட்டினாள்.

“எனக்கிட்ட சொன்னத அவனுக்கிட்டயும் சொல்லு.”

லிஷாவுக்கு அவன்மேல் உயிர். அதனால்தான் பொய் சொல்ல வரவில்லை, அதனால்தான் இப்போது வாயும் திறக்கவில்லை. அவளுடைய அடுத்த சொல்லை எழுத நான் யார்? எல்லையில் நின்றவனும் இல்லை, வெந்த உடம்புக்குக் கட்டுப்போட்டவனும் இல்லை.

“லிஷா, கேக்குதா?” என்கிறான் நிஜின்.

நீங்களாவது பதில் சொல்லுங்கள்.