காம்பவுண்டுச் சுவர் வணிகம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே நடக்கும் வணிகம் பற்றி என்னிடம் கட்டுரை கேட்டிருந்தார்கள். "வாளையாறு வழியே நாள்தோறும் லாரிகள்" என்று தொடங்கினேன். அவை எந்தப் பக்கம் போகின்றன என்றே தெரியாததால் நிறுத்திவிட்டேன். பிறகு அளப்பதற்கு வாகாக, கோவைக்குப் பக்கத்தில், காட்டை ஒட்டிய தொண்டாமுத்தூரில் இரண்டு வீடுகளைக் கட்டி நடுவே காம்பவுண்டுச் சுவர் எழுப்பிக்கொண்டேன். (யானை வரும் என்று காத்திருக்க வேண்டாம். அதற்கு இங்கே இடமில்லை.)

2

இந்தப் பக்கம் பழனாத்தாள், அந்தப் பக்கம் வெங்கடலட்சுமி. இவர் வீட்டு அரிசிம்பருப்புச் சோறு அங்கே போகும். அவர் வீட்டுக் கோங்கூரா, அதாவது புளிச்சக்கீரைத் துவையல் இங்கே வரும். பழனாத்தாளின் மகள் லோகப்பிரியா பொருளாதார ஆராய்ச்சி மாணவி. அவள் விழிகளில் இனம்புரியாத ஒரு [அடித்துவிட்டேன். எல்லாவற்றையும் எடை போடுகிறவளிடம் இனம்புரியாதது ஏது?]

ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டி, வீட்டில் சமைத்த மொத்தத்தால் வகுத்தால் வணிகத் திறந்தநிலைக் குறியீடு வரும் என்று அவள் சமையலறையில் தராசை வைத்தாள்.

3

கோளாறு இங்கேதான். பாத்திரத்தின் எடையைக் கழிக்க வேண்டுமல்லவா? துவையலை வழித்தெடுத்து, வெங்கடலட்சுமியின் போசியைக் கழுவி எடை போட்டு, அப்படியே வெறுமனே திருப்பிக் கொடுத்துவிட்டாள். இங்கே அப்படிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றுமில்லாவிட்டால் இரண்டு கொத்துக் கருவேப்பிலையாவது போட்டுத்தான் தருவார்கள். வெறும் போசி என்றால் இனிமேல் உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம்.

வெங்கடலட்சுமி வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து குறியீடு சைபர்.

"போயி வெவரத்தச் சொல்லிப்போட்டு வாங்கம்மா" என்றாள் லோகப்பிரியா.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? நீ அளந்தது போதும் சாமி."

பழனாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. மனம்விட்டுப் பேச அவருக்கு வேறு ஆளில்லை. எழுதுகிற எனக்கே கஷ்டமாகிவிட்டது.

4

முடிவு (அ): லோகப்பிரியா மன்னிப்புக் கேட்கிறாள். கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங் கண்ணு" என்று சிரித்தபடியே வெங்கடலட்சுமி கதவைச் சாத்திவிட்டார். அவ்வளவு மரியாதையைத் தாண்டி எந்தக் கதாசிரியரும் உள்ளே போக முடியாது.

முடிவு (ஆ): பெருமழையில் சுவர் இடிந்து [சினிமாத்தனம். வேண்டாம்.]

முடிவு (இ): இதை எழுதுவதற்குள் வெங்கடலட்சுமியே சுவரோரம் வந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை.

"ஏனுங்க்கா, கொஞ்சம் ஒறை மோரு இருக்குதுங்களா?"

வெங்கடலட்சுமியின் ஃப்ரிட்ஜிலேயே ஒரு சட்டி தயிர் இருக்கிறது. வைத்ததே நான்தான்.

பழனாத்தாள் டம்ளரை எடுக்க ஓடுகிறார். மோரோடு இன்னும் என்னென்ன போகும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். லோகப்பிரியா தராசோடு வந்தால் மட்டும் கொஞ்சம் பிடித்து நிறுத்துங்கள்.