அண்ணியின் எண்ணெய்த் தலை

அண்ணி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதுவும் காதோரம் வழிகிற அளவுக்கு. தீவுக்குப் போகிறோம், படம் பிடிப்பார்கள், பறட்டைத் தலையோடு நிற்பதா என்று அவளுக்குக் கவலை.

இறங்குதுறையிலேயே தீவுக் காவல்காரிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"எண்ணெய், கிரீம் எதுவும் தண்ணிக்குள்ள ஆகாதும்மா. பவளப்பாறைக்கு விஷம். நீங்க கரையிலயே இருந்துக்கோங்க."

"அதுக்கென்ன, நீ பாத்துட்டு வந்து சொல்லுடி," என்று நாத்தனாரிடம் சொன்னாள் அண்ணி. சொன்ன முகம் சுருங்கிப்போயிருந்தது.

நாத்தனார்காரிக்கு மனசே ஆறவில்லை. தாயில்லாப் பிள்ளையாக அண்ணியின் கையில் வளர்ந்தவள் அவள். தையல் மெஷினை மிதித்து மிதித்துப் படிக்கவைத்து, அண்ணன் முறைத்தபோதும் பஸ் ஓட்டுகிற வேலைக்கு அனுப்பியவள் அண்ணி. அதற்கொரு நன்றி சொல்ல இத்தனை வருஷமாய் வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகத்தான் பவளம் காட்டக் கூட்டிவந்த இந்தப் பயணம். நாளை முதல் பவளங்கள் பெருகுகிற பருவம், தீவை மூடிவிடுவார்கள். அண்ணியை இன்னொரு தடவை தையல் கடையைவிட்டுக் கிளப்புவது நடக்கிற காரியமா?

"கழுவிட்டா விடுவீங்களா?"

காவல்காரி லேசில் மசியவில்லை. பிறகு என்ன நினைத்தாளோ, தன் அறைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். பாறையைக் குடைந்து ஒரு பெரிய தொட்டி, நிறைய மழைத்தண்ணீர்.

"அந்தக் காலத்துக் கப்பல்காரங்க குடிதண்ணிக்கு வெட்டினது. ரெண்டாயிரம் வருஷம் இருக்கும். நாங்களும் இதைத்தான் புழங்குறோம். என் பங்குல ரெண்டு வாளி எடுத்துக்கோங்க. அழுக்குத் தண்ணி கடலுக்குப் போகக் கூடாது, இந்த டிரம்முல விடுங்க."

அண்ணி குனிந்து நின்றாள். நாத்தனார் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். முகம் தெரியாததால் தைரியம் வந்தது.

"அண்ணி, நீங்க இல்லாட்டி நான் தெருவுலதான் நின்னிருப்பேன்."

அண்ணி கண்ணோரம் வழிந்த நுரையைப் புறங்கையால் துடைத்தாள்.

"பேசிட்டே இருக்கப்போறியா, தேய்க்கப்போறியா?" என்றாள் அண்ணி.

காவல்காரி ஈரமுடியை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "போங்க," என்றாள். நாத்தனார் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மிதவைச் சட்டையோடு, படகின் கயிற்றைப் பிடித்தபடி இருவரும் தண்ணீருக்குள் முகம் வைத்தார்கள். மஞ்சளும் ஊதாவுமாய்ப் பவளம், அதற்குள் புகுந்து புறப்படுகிற மீன்கள். அண்ணி தலையைத் தூக்கினாள்.

"நம்ம கடை நூல் அலமாரியை எவளோ கலைச்சு விட்டுட்டாடி," என்று சிரித்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

விசில் ஊதினார்கள். கூட வந்த மற்றவர்கள் படகில் ஏறியாயிற்று. நாத்தனார் அண்ணியின் தோளைத் தொட்டாள்.

"எல்லாரும் ஏறிட்டாங்க அண்ணி. நமக்காகத்தான் நிக்கிறாங்க."

சோறானாலும் சரி, தைக்கக் கொடுத்த துணியானாலும் சரி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒருத்தரையும் காக்கவைக்காதவள் அண்ணி.

"நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டாள்.