அறுத்த முனை

அந்த ஒரு கம்பம் மட்டும் ஏன் ஒடிந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. கூடத்தில் கணவரின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். வண்டி வர நேரமிருந்தது. அவள் கொல்லைப்பக்கம் போய் வேலிக் கம்பங்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் அசையவில்லை. எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே மழையில் நனைந்தவை. ஆண்டு தவறாமல் தண்ணீர் ஒட்டாத எண்ணெயை அவளே பூசியிருக்கிறாள்.

ஒடிந்த கம்பத்துக்கு அப்பால் வாய்க்கால். நேற்றுக் காலை அவர் அதில்தான் கிடந்தார்.

அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியபோது, அந்தப் பக்கம் போய்விடாமலிருக்கப் போட்ட வேலி. "சாதா மரம் ரெண்டு மழைக்குத் தாங்காதுக்கா. மருந்து ஏத்தின மரம்தான் சரி" என்று தம்பிதான் தேர்ந்தெடுத்தான். மரத்தை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, மருந்து நீரை அழுத்தி உள்ளே தள்ளுவார்கள். அது மேற்பூச்சாக நிற்காமல் மரத்துக்குள் இறங்கிவிடும். மரம் லேசாகப் பச்சை பாயும். கரையான் அண்டாது.

காலையில் நாத்தனார் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டாள். "ஆட்டுக்குட்டி மாதிரி என் தம்பியப் பட்டியில அடைச்சு வச்சா. இவகிட்ட இருந்து தப்பிச்சாப் போதும்னு ஒடைச்சுக்கிட்டுப் போயிட்டான்."

அப்படித்தான் போனாரா? அது தெரிந்தாக வேண்டும்.

தம்பி தேடிக்கொண்டு வந்தான்.

"உள்ள வாக்கா. எல்லாரும் கேக்குறாங்க."

"இந்த அடிக்கட்டையத் தோண்டி எடு."

"இப்பவா? பைத்தியமா உனக்கு?"

"எடுடா."

கடப்பாரையால் நெம்பி எடுத்தான். வெளிப்புறம் விரல் கனத்துக்குப் பச்சை மாறாமல் கெட்டியாக இருந்தது. நடுவில் மரமே இல்லை, ஈரப் பஞ்சு. அடிமுனையின் ஓரத்தில் ரம்பக் கோடுகள்.

தம்பியின் முகம் விழுந்துவிட்டது.

"குழியில பாறை தட்டுச்சுக்கா. இது ஒண்ண மட்டும் அறுத்தேன். மருந்து மரத்தோட நடு வரைக்கும் போகாது. அறுத்தா மருந்து படாத மரம் வெளிய வந்துரும், மண்ணுல பட்டா மக்கிரும். அந்த முனை மேலதான் இருக்கணும்."

"தெரிஞ்சும் ஏன்டா கீழ வச்ச?"

"இன்னொரு முனையில தகடு இருந்துச்சுல்ல. மாமா அதுலேருந்து கைய எடுக்கல. 'மேலயே இருக்கட்டும் மாப்ள, நான் படிக்கணும்'னாரு. மனுஷன் ஆசையாக் கேக்குறாரேன்னு... அறுத்த எடத்துல பூசுற மருந்தும் அன்னிக்குக் கையில இல்ல."

ஆலையில் அடித்த சின்னத் தகடு. அவள் பெயரே அவருக்கு மறந்துபோனது, அந்த எழுத்து மறக்கவில்லை. தினமும் காலையில் அந்தக் கம்பத்தில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து, கண்ணைச் சுருக்கி உரக்கப் படிப்பார். "மண்ணில் புதைக்கத் தகுந்தது." படித்துவிட்டு, சரிதான் என்பதுபோலத் தலையாட்டுவார். நேற்றும் இஸ்திரி போட்டுக்கொண்டே அந்தக் குரலைக் கேட்டாள். பாதியில் நின்றுவிட்டது. இன்று எழுத்துக் கூட்ட முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.

"அப்ப அவர் போகப் பாக்கல."

"இல்லக்கா. எப்பவும் போல சாஞ்சிருக்காரு. உன் நாத்தனார்கிட்ட நான் போய்ச் சொல்றேன்."

"சொல்லி? எந்திரிச்சு வந்துருவாரா?"

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் உறவுகள் கலைந்த பிறகு, கொட்டகையில் மீந்து கிடந்த கம்பத்தை எடுத்துவரத் தம்பியிடம் சொன்னாள். மருந்து டப்பாவும் வாங்கி வரச் சொல்லியிருந்தாள்.

"இனிமே யாருக்குக்கா வேலி?"

அவள் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்றுப் பொறுத்து அவன் மறுமுனையைப் பிடித்தான்.

பாறை அங்கேயேதான் இருந்தது. இதையும் அறுக்க வேண்டியிருந்தது. அறுத்த முனையில் அவள் மருந்தைப் பூசி, காயவிட்டு, மறுபடியும் பூசினாள். பிறகு இருவருமாகக் கம்பத்தைத் தூக்கிக் குழியில் இறக்கினார்கள். அறுக்காத முனை, தகட்டோடு, மண்ணுக்குள். அறுத்த முனை மேலே.