இன்ஜெக்டரில் ஒரு மஞ்சள் நூல்

என் வீட்டுக்காரர் ஜலாலுதீனுக்கு இரண்டு குடும்பம். ஒன்று நான். இன்னொன்று, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன டீசல் கார். எனக்கு முந்தி வந்தது அது. மூத்தாள் என்பதால் மரியாதையும் அதற்குத்தான் கூடுதல். பாகூரிலிருந்து வில்லியனூர், கடலூர் என்று வாடகைக்கு ஓட்டுவார். பழுது வந்தால் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நிறுத்தி அவரே பார்ப்பார்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதத்தில் மூத்தாளுக்கு உடம்பு சரியில்லை. எனக்கும் சரியில்லை. அவளுக்கு என்ன கேடு என்று தெருவுக்கே தெரியும். எனக்கு என்ன என்று பக்கத்து வீட்டுக் கலியம்மாள் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் முழுகாமல் இருந்தேன். இதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. முதல் தடவை, நான் சொன்ன அன்றே அவர் "நான் அத்தா ஆகப்போறேன்" என்று தெரு முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டாவதும் கலைந்த அன்று காருக்கு அடியில் போய்ப் படுத்தவர், பொழுது சாயும்வரை வெளியே வரவில்லை. கையில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை. அந்த முகத்தை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. வயிற்றில் பிள்ளை அசையட்டும், அப்புறம் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வரப்போகிற பிள்ளைக்குப் புதுத்துணி சேர்க்கக் கூடாது என்பார்கள். பிள்ளைகள் நன்றாகத் தங்கிய வீட்டிலிருந்து பழந்துணி வாங்கி வைத்தால் நல்லது. கலியம்மாள் அக்கா பெற்றது எல்லாம் கொழுகொழுவென்று ஓடியாடிக்கொண்டிருந்தன. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட தன் மஞ்சள் புடவையை அக்காதான் கொடுத்தார். அதைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, பாதிக்கு ஓரம் தைத்து, மீதியைத் தைக்காமல், அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின்னில் ஒளித்து வைத்தேன்.

மூத்தாள் கதைக்கு வருகிறேன். இன்ஜின் இழுக்கவில்லை என்று டீசல் பம்பைக் கழற்றிக் கடலூருக்குக் கொண்டுபோய் சரிபார்த்துக் கொண்டுவந்தார். மாட்டியபிறகு முன்னைவிட மோசம். நின்ற இடத்தில் வண்டி உதறியது. புகை வெள்ளையாக வந்தது. அன்றிலிருந்து வாடகைக்குப் போகவில்லை, சோறு ஆறிப்போனாலும் எழுந்து வருவதில்லை. நான் பேசினால் காதில் ஏறாது. இன்ஜின் லேசாக இருமினால் போதும், தூக்கத்திலும் எழுந்து உட்காருவார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"அஸ்மா, செத்த வந்து ஆக்ஸிலேட்டர மிதிச்சிக்கினு உக்காரு" என்றார் ஒரு நாள் காலையில்.

"ஏன், உங்க மூத்த பொண்டாட்டி நான் தொட்டா கோச்சிக்க மாட்டாளா?"

"வா புள்ள."

டீசல் வாடை பட்டாலே எனக்குக் குமட்டும். முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பானெட்டைத் திறந்து, ஓடுகிற இன்ஜினில், டீசலைப் பீய்ச்சுகிற ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகிற பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். தளர்த்தினால் அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. போகாவிட்டால் இன்ஜின் தடுமாற வேண்டும். முதலாவதைத் தளர்த்தினார், தடுமாறியது. இறுக்கினார். இரண்டாவதைத் தளர்த்தினார். ஒன்றும் ஆகவில்லை, அதே உதறல்தான்.

"இதான் வேல செய்யல. இருந்தாலும் ஒண்ணு, இல்லன்னாலும் ஒண்ணு" என்றார்.

"நம்ம வூட்ல நான் மாதிரி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மற்ற இரண்டையும் பார்த்தார். அவற்றில் குறையில்லை. பிறகு இரண்டாவது இன்ஜெக்டரையும் முதலாவதையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். இப்போது முதல் சிலிண்டர் செத்துக் கிடந்தது, இரண்டாவது உயிரோடு இருந்தது. அப்படியானால் பம்பில் கோளாறு இல்லை, இன்ஜெக்டரில்தான். அதை வெளியே எடுத்துப் பைப்பில் மாட்டி, என்னை செல்ப் அடிக்கச் சொன்னார். டீசல் பனி மாதிரிப் பொடிப்பொடியாகத் தெறிக்க வேண்டும். இது மூக்கு ஒழுகுகிற பிள்ளை மாதிரிச் சொட்டியது.

பாயை விரித்து, தட்டில் சுத்தமான டீசல் ஊற்றி, அதன் முனையில் இருந்த நாசிலைப் பிரித்தார். உள்ளே இருக்கும் ஊசி சிக்கிக்கொண்டிருந்தது. மெதுவாக இழுத்தார். ஊசியோடு ஒரு நூல் வந்தது.

மஞ்சள் நூல்.

அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்த துணியின் நூல்! அவர் அதை விரலில் எடுத்து வெயிலில் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்பாடா, என்ன நூல் என்று தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கழுவி மாட்டி ஸ்டார்ட் செய்தார். என் மூத்தாள் அத்தனை அமைதியாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர் உள்ளே போய் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, பின் சீட்டில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா மச்சான், காருக்குத் தாகமா?"

"அது நீ உக்கார்ற எடம்" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போவும்போது ஆட்டம் தெரியக் கூடாதில்ல."

தண்ணீர் அசையவில்லை.

"உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. பம்பக் கழட்டிட்டுக் கடலூர் போவும்போது பைப்பு வாயில மண்ணு பூந்துடப் போவுதுன்னு அடைக்கத் துணி தேடனேன். பில்டரு பம்புக்கு முன்னாலதான கீது, அதுக்கப்பால எது பூந்தாலும் நேரா நாசிலுக்குப் போயிடும். இருக்கறதிலயே மெத்துனு இருக்கட்டும்னு வூடு பூரா தேடி, அரிசிப் பானைக்குப் பின்னால இருந்த டின்னத் தொறந்தேன். பாத்தேன்." பானெட்டை மூடினார். "ஓரம் தைச்சத எடுக்க மனசு வரல. தைக்காததா பாத்து ஒண்ணு எடுத்தேன். அதான் நூலு வுட்டுடுச்சி."

"தெரிஞ்சும் ஏன் மச்சான் ஒரு வார்த்த கேக்கல?"

"நீ ஒளிச்சி வெச்சிருந்த. நான் பயப்படுவேன்னுதான ஒளிச்ச? நீ பயப்படக் கூடாதுன்னு நானும் கேக்கல."

இத்தனை நாளும் அவர் மூத்தாளோடு மல்லுக்கட்டியது எனக்காகத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. வாய்விட்டு அழுதேன். அவரும் அழுதார், ஆனால் டீசல் தெறித்தது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணியை எடுத்தார். காணாமல் போன மஞ்சள் சதுரம். நான் எண்ணிப் பார்க்காததால் குறைந்ததே எனக்குத் தெரியாது.

"சோப்பு போட்டு எத்தினியோ வாட்டி தொவைச்சேன். வாட போவல. அதான் திருப்பி வெக்காம வெச்சிக்கினேன்."

வாங்கி முகர்ந்து பார்த்தேன். உடனே ஓடிப்போய்க் கொட்டகை ஓரத்தில் வாந்தி எடுத்தேன். அவர் பின்னாலேயே வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார். சீட்டில் இருந்த டம்ளர் தண்ணீரைக் கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொன்னார்.

"குடு, தூக்கிப் போட்டுடறேன்" என்று துணிக்குக் கை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. ஊசி நூலை எடுத்துவந்து, அந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு அதற்கும் ஓரம் தைத்தேன்.

"இதுவும் டின்லயே இருக்கட்டும்" என்றேன். "பொறந்ததும் புள்ளைக்கு அத்தா வாட தெரிய வேணாமா?"