எப்படித் தப்பித்தாள் பத்மாசனி

சித்திரைக்குளத்துப் பக்கம் எங்கள் அடுக்ககத்தில், எதிர்வீட்டு ஸ்ரீரங்கன் தன் மூத்த பெண் கல்யாணத்துக்கு யாரையெல்லாம் அழைக்கிறார் என்பதை நாங்கள் விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. பெயரையும் விலாசத்தையும் உரக்கச் சொல்லிக்கொண்டேதான் கம்ப்யூட்டரில் தட்டுவார். மூன்று மாதம், அறுநூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரே ஃபைல். நகல் கிடையாது. அதுதான் பத்திரமாக இருக்கிறதே என்பது அவர் கட்சி.

பத்திரிகை அச்சாகி வந்த ஞாயிறு காலை, மனைவி வேதவல்லி வாயைத் திறந்தார்.

"ஏன்னா, லிஸ்ட்ல உங்க அக்கா பத்மாசனி பேர் இல்லையே. நாலு பேர் என்ன சொல்லுவா?"

அடையாற்றில் இருக்கும் அந்த அக்காவோடு ஸ்ரீரங்கனுக்கு நாலு வருஷமாகப் பேச்சில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும், இங்கே வேண்டாம்.

"கடைசியில சேர்த்துத் தொலை" என்றார்.

இளையவள் ஸஹானா, இன்ஜினியரிங் முதல் வருஷம், ஓடி வந்தாள். "காலேஜ்ல சொல்லித்தர சி மொழியில நானே எழுதின ப்ரோக்ராம்லயே சேர்க்கறேம்ப்பா! நாம அடிக்கற ஒவ்வொரு எழுத்தா எடுத்து ஃபைல்ல போடும், பாரு."

போட்டது. கதவு எண் வரை ஓர் எழுத்து பிசகவில்லை. ஸ்ரீரங்கன் ஃபைலைத் திறந்தார். ஒரே வரி. பத்மாசனி, அடையாறு.

"மத்தவாள்லாம் எங்கடி?"

"கடைசியில சேர்க்கன்னு சொல்லித் திறந்திருக்கணும்ப்பா. நான் புதுசா எழுதன்னு திறந்துட்டேன். அப்படித் திறந்தா முதல்ல இருக்கறதைத் துடைச்சுடும்."

"ஒரு வார்த்தை கேக்காமயா?"

"சி கேக்காதுப்பா."

"ரீசைக்கிள் பின்ல பாரேன்."

"அதுல விழாது." அழ ஆரம்பித்துவிட்டாள்.

வேதவல்லி நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். "நீங்கதான் தினம் காதைத் தீட்டிண்டு கேட்டேளே, சொல்லுங்கோ."

நாற்பத்தொரு பெயர் சொன்னோம். யாருக்கு யாரோடு சண்டை என்பதுகூட நினைவிருந்தது. விலாசம் ஒன்றும் தேறவில்லை.

கல்யாணத்துக்கு இருபது நாள். உறவினர் அத்தனை பேர் விலாசமும் வைத்திருப்பது குடும்பத்தில் ஒரே ஆள்தான். ஸ்ரீரங்கன் அரைமணி நேரம் கூடத்தில் நடந்தார். பிறகு போனை எடுத்து, அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

அக்கா முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"விலாசம்தானே, தரேன். அத்தனை பேரும் அழிஞ்சு போனாளே, என் பேர் மட்டும் எப்படிடா தப்பிச்சுது?"

ஸ்ரீரங்கன் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். "அது வந்துக்கா..." என்றார்.

மறுமுனையில் அக்கா காத்திருந்தார். கதவருகே நாங்களும்தான்.